கட்டுக்குக் கீழ இருக்கிற எங்களையும் ஒருக்கா பாருங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

நான் தென்மராட்சிப் பக்கம் இருக்கிறன். ஊர்ப்பெயர் போடேல்லை, ஒருத்தரையும் சந்தியில இழுக்கிறது என்ர நோக்கம் இல்லை. எங்கட ஒழுங்கைக்கு மேற்கால ஒரு தனியார் காணிக்குள்ள சின்னக் குளம் ஒண்டு கிடக்கு, இப்பத்தைய சொந்தக்காரரின்ர பாட்டனார் வயலுக்கெண்டு மண்கட்டுப் போட்டு மறிச்சது. அந்தக் காலத்தில கட்டுக்குக் கீழ வயலும் பனங்காணியும் தான். சண்டை முடிஞ்சாப்பிறகு கீழ்க்காணியைத் துண்டு துண்டா வித்தவை, வாங்கின சனம் வீடு கட்டிச்சுது, இப்ப 17 வீடு. கட்டில இருந்து மூண்டாவது எங்கட.

யாழ்ப்பாணத்தில என்ன அணைக்கட்டு எண்டு கேப்பியள். நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான், போன மாரியில ராத்திரி கட்டடியில டோர்ச் லைட்டோட போய் நிக்கும் வரைக்கும். குளம் ரெண்டு ஏக்கர் வரும், நிரம்பினா சராசரி அஞ்சடி ஆழம். கணக்குப் பாத்தா 12 மில்லியன் லீற்றருக்கு மேல, 5000 லீற்றர் பவுசரில ஏத்தினா 2400 பவுசருக்கும் கூட. அவ்வளவும் எங்கட பிள்ளையள் படுக்கிற அறைக்கு மேல்மட்டத்தில நிக்குது, மறிச்சு வைச்சிருக்கிறது எட்டடி உயர மண் மட்டும் தான், அதுவும் எங்கட பக்கத்து மணல் மண்.

என்ர மச்சான் ஒராள் வன்னியில குளங்களில ரி.ஓ.வா, அதுதான் தொழில்நுட்ப உத்தியோகத்தரா, வேலை செய்து பென்சன் எடுத்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டில நடந்து காட்டினன். மனுசன் முதல் கேட்டது "வான் எங்க?" எண்டு தான். வான் எண்டா குளம் நிரம்பினா மிச்சத் தண்ணி வழிஞ்சு போற இடம். அது இருக்கு, ஆனா அதுக்கு மேல ஆரோ சீமெந்துக்கல்லும் மண்மூட்டையும் அடுக்கி ஒண்டரை அடி உயர்த்தி வைச்சிருக்கினம், கோடைக்குத் தென்னைக்குத் தண்ணி காணோணும், மீனும் நிக்கோணும் எண்டு. தண்ணியை மறிக்கிறது நல்லது தான், எங்கட கிணறுகளும் அதால தான் ஆவணி மட்டும் வத்தாம நிக்குது, அதை நான் மறக்கேல்லை. ஆனா மண்கட்டு உச்சியால தண்ணி வழியுறதைத் தாங்காது, வழியத் தொடங்கினா வெளிச்சரிவை அரிச்சு அரிச்சுக் கொஞ்ச மணித்தியாலத்தில கட்டையே திறந்துபோடும் எண்டார். வானை உயர்த்திப்போட்டுக் கட்டை உயர்த்தாம விட்டா அதைத்தான் கூப்பிடுறியள் எண்டார். எங்கட கட்டில லாண்ட்மாஸ்ரர் உழவு மிசின் ஏறி இறங்குற இடம் வேற தாழ்ந்துபோய்க் கிடக்கு, நிரம்பினா அதில அரை அடி கூட மிஞ்சாது.

பேந்து துருசடிக்குப் போனம், வயலுக்குத் தண்ணி திறந்து விடுற மதகு அது. பழைய கொங்கிறீற் குழாய், அதின்ர வெளிவாயைச் சுத்தி ஆடி மாசத்திலயும் பச்சைப் புல்லு. ஊறுற தண்ணி தெளிவா வந்தா உடன பயப்பிடத் தேவையில்லை, கலங்கி வந்தா கட்டுக்குள்ள இருந்து மண் போகுது, அண்டைக்கே ஆக்களை எழுப்போணும் எண்டு சொல்லித் தந்தார். இதை இந்தக் கடிதம் வாசிக்கிற, குளத்துக்குக் கீழ இருக்கிற எல்லாரும் தயவுசெய்து ஞாபகம் வைச்சிருங்கோ. கட்டு நீளத்துக்கும் பூவரசும் வேம்பும், கறையான் புத்து, உடும்பு வளை. மரத்தைத் தறிச்சா மட்டும் காணாது, வேர் உக்கினா அந்த ஓட்டையால தண்ணி வழி பிடிக்கும், வேரோட கிண்டி எடுத்து நல்ல மண் போட்டு இறுக்கோணுமாம்.

சொந்தக்காரக் குடும்பம் முழுக்கக் கனடாவில. போனில கதைச்சனான், மரியாதையாத்தான் கதைச்சவர். ஆனா காணி உறுதி இன்னும் தாத்தாவின்ர பேரில, அஞ்சு சகோதரங்கள், ஒருத்தர் காசு போட மற்றவை ஓம் எண்டோணும். இஞ்ச ரெண்டு கந்தோருக்கு அலைஞ்சன், ஒண்டில அது தனியார் காணி நாங்கள் உள்ள போகேலாது எண்டினம், மற்றதில கடிதத்தை வாங்கி வைச்சவை, அவ்வளவு தான். 2018 டிசம்பரில இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து கிளிநொச்சி வெள்ளத்தில தாண்டது, அதுக்கு விசாரணைக்குழு வைச்சினம். பெரிய குளத்துக்குக் கேக்க ஆள் இருக்கு. உறுதிக்காணிக் குளம் உடைஞ்சா ஆரிட்டக் கேக்கிறது? காணிக்குத் தான் எல்லை வேலி, தண்ணிக்கு ஏது வேலி.

அதே 2018 மே மாசம் கென்யாவில சோலாய் எண்ட இடத்தில ஒரு தனியார் தோட்டத்து அணை இரவில உடைஞ்சு 40 பேருக்கு மேல செத்தவை, கனபேர் பிள்ளையள். அது அனுமதி இல்லாத அணை எண்டு உடைஞ்சாப்பிறகு தான் அதிகாரிகள் சொன்னவை. எங்கட நாட்டிலயே கந்தளாய்க் கட்டு 1986 ஏப்ரல் 20 விடியப்புறம், சனம் நித்திரையில இருக்கேக்க உடைஞ்சுது, நூறு பேருக்கு மேல போயிட்டினம். ஏப்ரல் மாசம் எங்கட மாரி கூட இல்லை பாருங்கோ. எங்கட குளம் கந்தளாய் மாதிரிப் பெரிசில்லை எண்டு தெரியும், ஆனா முதல் வீட்டில படுக்கையில கிடக்கிற ஆச்சிக்கு மூண்டடித் தண்ணி காணும்.

எங்களுக்கு வருசத்து மழையில பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில கொட்டுறது. அதால புரட்டாதி முடிய முதல், தனியார் எண்டு பாக்காம, கீழ வீடு இருக்கிற ஒவ்வொரு குளக்கட்டையும் தெரிஞ்ச ஒரு பொறியியலாளரோ ரி.ஓ.வோ ஒருக்கா நடந்து பாத்து எழுதிக் குடுக்கோணும், சொந்தக்காரர் செய்யாட்டி பிரதேச சபையோ ஆரோ செய்துபோட்டுச் செலவைக் காணியில வைக்கோணும். வான் மேல அடுக்கின கல்லை எடுக்க ஒரு சதமும் தேவையில்லை, அதை நாளைக்கே எடுக்கலாம், ஆனா நாங்கள் எடுத்தா அத்துமீறல் எண்டு பொலிசுக்குப் போகும்.

போன கார்த்திகையில ஒழுங்கைப் பொடியள் முறை வைச்சு ராத்திரியில காவல் நிண்டவங்கள், ரெண்டு மணிக்கு ஒருத்தன், நாலு மணிக்கு ஒருத்தன். அதில என்ர மகனும் ஒராள். அவனுக்கு இந்த வருசம் மார்கழியில சோதினை.

இப்படிக்கு,
கட்டுக்குக் கீழ் மூன்றாவது வீட்டுக்காரி,
தென்மராட்சி.