மாஸ்டரின் கிராஃப் தாள்கள்

சிறுமுகை

அன்புள்ள அம்மிணிக்கு,

சேலைக்கு டிசைன் போட்ட நம் மாஸ்டரின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. கடைசியாக முகம் பார்க்க முடியாமல் போச்சே என்று நீ போனில் அழுதாய். அதையே நினைத்து மருகாதே, கண்ணு. புளியம்பட்டி, வதம்பச்சேரி, நெகமம், சென்னிமலை என்று தறி இருக்கிற ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். அட்டை குத்தக் கற்றவர்கள், சாயம் கற்றவர்கள், கிராஃப் போடக் கற்றவர்கள் எல்லோரும் அவரைத் தன் சொந்த வாத்தியார் என்றே பேசினார்கள். சங்கத்தில் படம் திறக்கிறார்களாம். திறக்கட்டும். அந்த மனுசனுக்கு எத்தனை மாலை போட்டாலும் தகும்.

ஆனால் அவருக்கு உன் கையால் ஆக வேண்டிய காரியம் ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் வீட்டில் நான்கு இரும்புப் பெட்டி நிறைய, டிசைனைக் கட்டம் கட்டமாக வரைந்த கிராஃப் தாள்கள், ஓட்டை குத்திக் கயிறு கோத்த அட்டைக் கட்டுகள், துணி மாதிரிகள் ஒட்டிய நோட்டுகள் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று அவர் பையன் சொல்கிறான். நல்ல மனதோடுதான் சொல்கிறான். அதை அவசரத்தில் செய்தால் என்னென்ன தொலைந்துபோகும் என்று எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான் இதெல்லாம். உன்னிடம் வேலை பழகும் பிள்ளைகள் திரையில் மட்டுமே டிசைன் பார்த்தவர்கள் என்றாயே, அவர்களிடம் இந்தக் கடிதத்தையே கொடு. அதற்காகத்தான் விரித்து எழுதுகிறேன்.

கிராஃபில் மேலிருந்து கீழாக வரும் ஒவ்வொரு கட்ட வரிசையும், பாவு இழையை (நெடுக்கு நூலை) தூக்குகிற ஒரு கொக்கி. குறுக்கே ஓடும் ஒவ்வொரு வரிசையும் ஓர் ஊடை (குறுக்கு நூல்), அதற்கு ஓர் அட்டை. வண்ணம் பூசிய கட்டத்துக்கு அட்டையில் ஓட்டை விழும். ஓட்டை இருந்தால் ஊசி அதற்குள் புகும், கொக்கி கத்தியில் (மேலேறி இறங்குகிற பட்டையில்) மாட்டி மேலேறும், பாவு இழை தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி கத்தியை விட்டு விலகிக் கீழேயே நிற்கும். 1804இல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் செய்த ஏற்பாடு இன்றைக்கும் நம் தறிக்கு மேல் உட்கார்ந்திருக்கிற பெட்டியில் அப்படியேதான் இருக்கிறது.

இதில் முதலில் ஏமாற வைப்பது, தாளின் கட்ட அளவு. அங்குலத்துக்கு 80 பாவு இழை, 60 ஊடை என்று நெய்யும் துணிக்கு, குறுக்கே 8 கட்டமும் நெடுக்கே 6 கட்டமும் ஒரே நீளம் பிடிக்கிற தாள் வேண்டும். இரண்டு பக்கமும் சமமான சாதாரணத் தாளில் 40 கட்ட அகலம், 40 கட்ட உயரம் என்று ஒரு வட்டம் போட்டால், துணியில் அகலம் அரை அங்குலமும் உயரம் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இறங்கும். தாளில் மயிலாக நின்றது சேலையில் கொக்காக நிற்கும். மாஸ்டர் தாள்களில் பாதி, அன்றைக்குக் கையில் கிடைத்த சமக்கட்டத் தாளில் வேண்டுமென்றே குட்டையாகப் போட்டவை. ஸ்கேன் செய்கிற பையன் அவற்றைப் பார்த்து, படம் அமுங்கியிருக்கிறதே என்று இழுத்துச் சரி செய்துவிட்டால் அந்த டிசைன் போச்சு. அதனால் ஒவ்வொரு தாளோடும் இழை எண்ணிக்கையும் ஊடை எண்ணிக்கையும் போக வேண்டும்.

அந்த எண்ணிக்கையையும் எங்கே எடுப்பது என்பதில் மாஸ்டர் கண்டிப்பானவர். தறியில் பாவு விறைப்பாக நிற்கும்போது ஊடையை எண்ணக் கூடாது. துணியை இறக்கி ஒரு ராத்திரி தளர விட்டால் நெடுக்கில் கொஞ்சம் சுருங்கும், ஊடை நெருங்கும், பூ அமுங்கும். தறியில் வட்டமாகத் தெரிகிற பூ கட்டிலில் விரித்தால் சப்பை. தறியில் லேசாக நீண்டு தெரிந்தால்தான் சேலையில் வட்டமாக நிற்கும். பாவு இழைகளைச் சீப்பு மாதிரி பிரித்து நிறுத்துகிற அச்சைப் பொறுத்தவரை, 80ஆம் அச்சு என்றால் 2 அங்குலத்தில் 80 பல். பல்லுக்கு 2 இழை போட்டால்தான் அங்குலத்துக்கு 80 இழை வரும். நோட்டில் அச்சு எண் மட்டும் எழுதி, பல்லுக்கு எத்தனை இழை என்று எழுதாமல் விட்டிருந்தால், மாதிரித் துணியைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணித்தான் ஆக வேண்டும்.

240 கொக்கிப் பெட்டியில் அங்குலத்துக்கு 80 இழை வைத்தால் 3 அங்குலக் கரை கிடைக்கும். அதற்குள் பூ திரும்பத் திரும்ப வர வேண்டுமானால் 240ஐ மிச்சமில்லாமல் வகுக்கிற அகலம் வேண்டும்: 40, 48, 60, 80. 50 கட்டத்தில் பூ போட்டு வருகிற பிள்ளைகளிடம் அவர் தப்பு என்று சொல்ல மாட்டார். நான்கு பூ போட்டபின் மீதி 40 கொக்கிக்கு என்ன வேலை கொடுக்கப் போகிறாய் என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். அவர் பென்சில் அடுத்தவர் கிராஃபில் பட்டதே இல்லை.

இனி, அவர் தாள்களில் நிறைய ஒற்றைப் புள்ளிகள் இருக்கும். அங்கேதான் ஸ்கேன் பெரிய கெடுதல் செய்யும். பெரிய இதழுக்குள் ஊடை பிடிப்பில்லாமல் 20 பாவு இழைகளைத் தாண்டி மிதந்தால் கால் அங்குலம் நூல் சும்மா தொங்குகிறது என்று அர்த்தம். வளையலில் மாட்டும், மெட்டியில் மாட்டும், இழுத்தால் சேலை முழுக்கச் சுருக்கு விழும். அதைத் தடுக்கத்தான், மிதக்கிற ஊடையை இடையிடையே ஒரு பாவு இழையால் பிடித்து நிறுத்துகிற பிடிப்புப் புள்ளிகள். அவற்றை அடுத்தடுத்து வைத்தால் சாய்ந்த கோடு போல் துணியில் வரி தெரியும். அதனால் 8 இழைக்கு ஒரு பிடிப்பு என்றால், அடுத்தடுத்த ஊடைகளில் அதை மூன்று மூன்றாகத் தாண்டி 1, 4, 7, 2, 5, 8, 3, 6 என்று வைப்பார். 5 இழைக்கு இரண்டிரண்டாக 1, 3, 5, 2, 4. 6 இழையில் இந்த வேலை நடக்காது. இரண்டு, மூன்று, நான்கு எதில் தாண்டினாலும் சில இழைகளுக்குப் பிடிப்பே விழாது, ஒன்றிலோ ஐந்திலோ தாண்டினால் பழையபடி சாய்ந்த கோடு. சில கம்ப்யூட்டர் மென்பொருள்கள் ஒற்றைப் புள்ளியை அழுக்கு என்று எடுத்துக்கொண்டு தானாகத் துடைத்துவிடும். திரையில் பூ முன்னைவிட அழகாகத் தெரியும், நெய்தால் உபயோகப்படாது. அந்தச் சுத்தம் செய்கிற வசதியை முதலிலேயே அணைத்துவைக்கச் சொல்.

ஏமாற வைக்கிறது இன்னொன்று. தாளின் ஓரத்தில் "மறுபக்கம்" என்று சிறிதாக எழுதியிருப்பார். 240 கொக்கியில் 180 தூக்க வேண்டிய டிசைன் என்றால், ஒவ்வொரு கொக்கிக்கும் கீழே தொங்குகிற எடைக் கம்பி அத்தனையும், நெய்கிறவர் காலால் அழுத்துகிற மிதி மேல் வந்து உட்காரும். அதையே துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி நெய்தால் 60 கொக்கி தூக்கினால் போதும். அந்தத் தாள்களுக்கு வண்ணம் பூசாத கட்டத்தில்தான் ஓட்டை குத்த வேண்டும். குறிப்பைக் கவனிக்காமல் குத்தினால் அத்தனை அட்டையும் வீண்.

மாஸ்டரைப் பற்றி உன் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்ல நேரம் இருந்தால் இதைச் சொல், அம்மிணி. நாம் எல்லோரும் கிராஃபைப் பார்த்து டிசைன் அழகா என்று கேட்போம். அவர், தறியை மிதிக்கிற நெசவாளியின் காலைப் பார்த்துக் கேட்பார். ஐந்தரை மீட்டர்ச் சேலை, அங்குலத்துக்கு 60 ஊடை என்றால் மொத்தம் ஏறக்குறைய 13,000 ஊடை. நம் டிசைனால் ஓர் ஊடைக்கு ஒரு நொடி கூடினால் சேலைக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் கூடும். கூலி சேலைக் கணக்கு, மணிக் கணக்கு இல்லை. அந்த மூன்றரை மணி நேரமும் நெய்கிறவர் வீட்டுச் சோற்றிலிருந்து போகிறது. இன்னொரு நிறத்துக்காக மூன்றாவது நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற ஓடம்) கேட்கிற டிசைனை மாஸ்டரிடம் கொண்டுபோனால், அந்த நிறம் இல்லாவிட்டால் சேலையில் என்ன குறையும் என்று சொல்லச் சொல்வார். சொல்ல முடிந்தால் உடனே சங்கத்தில் பேசிக் கூலியைக் கூட்டி வாங்கித் தருவார். சொல்ல முடியாவிட்டால் அந்த நிறம் போய்விடும். எந்த டிசைன் பள்ளியிலும் இதைவிட நல்ல பாடம் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால்தான் அவர் தாளின் பின்பக்கமும் முன்பக்கத்துக்குச் சமம். முதலில் நெய்தவர் பெயர், எத்தனை நாடா, எந்த இடத்தில் நூல் அறுந்தது, அதற்காக எதை மாற்றினார் என்றெல்லாம் பென்சிலில் எழுதியிருக்கிறது. இரண்டு பக்கத்தையும் எடுக்க வேண்டும். அங்குலத்துக்கு 10 கோடு உள்ள தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் கட்டத்துக்கு 30 புள்ளி கிடைக்கும், அது தாராளம். டிஃப் கோப்பாக வைக்கச் சொல், ஜேபெக்கில் கட்ட ஓரம் கலங்கும். ஸ்கேனரில் அடங்காத பெரிய தாளை நேர் மேலிருந்து போட்டோ எடுக்கலாம். இரண்டு ஓரத்திலும் ஸ்கேல் வைத்து எடுத்தால்தான் கேமரா சாய்ந்திருந்தால் தெரியும். நிறத்துக்குத் திரையை நம்பாதே. நோட்டில் ஒட்டியிருக்கிற நூல்தான் கணக்கு. அந்த நூலை வைத்துப் புதிதாகச் சாயம் போட்டால் அவர் செய்கிறபடி சோதித்துக்கொள்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சோப்பு, 40 டிகிரிச் சூடு, சாய நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்துப் பின்னி 30 நிமிடம். வெள்ளையில் கறை ஏறினால் அந்த நிறம் வெள்ளைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. கோரா நூலை (பசை போக்காத பச்சைப் பட்டு நூலை) வெந்நீர் சோப்பில் போட்டால் பட்டின் பசையும் இளகும், ஆகவே அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பெட்டிகளைப் பற்றி. குண்டூசிகள் துருப்பிடித்திருக்கின்றன, மெதுவாக எடுக்க வேண்டும். செல்லோடேப் ஒட்டியிருப்பதைப் பிய்க்காதே, அப்படியே இருக்கட்டும். லேமினேஷன் செய்யவே கூடாது, சூட்டில் ஒட்டினபின் தாளை மறுபடி பிரிக்க முடியாது. மடித்த தாளை விரித்து, நடுவில் வெள்ளைத் தாள் வைத்துப் படுக்கையாக அடுக்கலாம். சரிகைத் துணி மாதிரிகள் ஒட்டிய நோட்டுப் பக்கம் அந்துருண்டை போகக் கூடாது, சரிகை கறுக்கும். துவைத்த வெள்ளைக் காடாத் துணியில் சுற்றி, இரண்டு துண்டு வசம்பு போட்டால் போதும். அட்டைக் கட்டின் கயிறு இற்றுப்போயிருந்தால், அவிழ்ப்பதற்கு முன் ஒவ்வோர் அட்டையிலும் பென்சிலில் எண் போட வேண்டும். வரிசை மாறினால் பூ இரண்டாக வெட்டுப்படும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். ஈரத்தில் அட்டை உப்பும், பூஞ்சை பிடிக்கும். தை பிறந்ததும் காற்று காய்ந்துவிடும், அப்போது பத்து நாள் விடுப்பு போட்டு வா. வரும்போது மெல்லிய பிரஷ், 2பி பென்சில், நூல் எண்ணுகிற கண்ணாடி இரண்டு, அமிலமில்லாத தாள் ஒரு கட்டு வாங்கி வா. இங்கே கோயம்புத்தூரில் அந்தத் தாளுக்கு அலைய வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவர் உனக்குக் கிராஃப் திருத்தச் சொல்லி எழுதிய குறிப்பு நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? எந்த டிசைனில் எதை ஏன் மாற்றச் சொன்னார் என்று தனித்தனியாக எழுதி அனுப்பு. நெகமத்தில் அவருக்கு நெய்துகொடுத்த பெரியவருக்குக் கண் மங்கி வருகிறது, ஆனால் எந்தப் பூவுக்கு எந்த நாடா முதலில் போகும் என்பது இன்னும் வரிசையாகச் சொல்கிறார். அவரிடம் பேசத் தை வரை காத்திருக்காதே. ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போகிறேன், காலை பதினோரு மணிக்கு வீடியோவில் வா, அவர் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொள்.

இப்படிக்கு,
அப்பா