சோழர் நாடகத்துக்கு முதலில் உடையை வரையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராஜராஜன் பிறந்த நட்சத்திர நாளான ஐப்பசி சதயம் நெருங்கினால் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை வட்டாரப் பள்ளி, கல்லூரிகளில் ராஜராஜன் நாடகம் மேடையேறும். வசனத்துக்கு ஒரு மாதம் ஒத்திகை நடக்கும். உடைக்கு மட்டும் முந்தின நாள் மாலையில்தான் வாடகைக் கடைக்கு ஆள் போகும். கழுத்துவரை பொத்தான் வைத்த வெல்வெட் கோட்டு, பளபளக்கும் பைஜாமா, இறகு செருகிய தலைப்பாகை எல்லாம் மூட்டையாக வந்து சேரும். ராணிக்கு ஜாக்கெட்டும், கொசுவம் வைத்து மாராப்புப் போட்ட பட்டுப்புடவையும். சோழர் காலத்துக் கல்லிலோ செம்பிலோ அரசனையும் அரசியையும் இந்தக் கோலத்தில் காண முடியாது.

கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. கேட்டதைத்தான் அவர்கள் தருகிறார்கள். வெல்வெட் கோட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் ஊர் ஊராக வந்தபோது, அவர்களுடைய படுதாவும் உடையும் தமிழ்க் கம்பெனி நாடகங்களுக்குள் நுழைந்தன. மங்கலான கேஸ் விளக்கில் ஜரிகையும் சம்கியும் இருந்தால்தான் ராஜபார்ட் கடைசி வரிசைவரை தெரிவார். ஸ்பெஷல் நாடகத்துக்கு அந்த உடை இன்றும் பொருத்தமே. மெலட்டூர் பாகவத மேளாவுக்கும் அதற்கே உரிய ஒப்பனை மரபு இருக்கிறது. அதில் யாரும் கை வைக்க வேண்டாம். 'வரலாற்று நாடகம்' என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டு, வரலாறு கோயில் சுவரில் இருக்க, அதைப் பார்க்காமலே மேடையேறுவதைப் பற்றித்தான் எழுதுகிறோம். இன்றைய எல்.இ.டி. விளக்கில் அந்தச் சம்கி கண்ணைக் கூசவைத்து நடிகரின் முகத்தையும் மறைத்துவிடுகிறது.

உடையை வரைந்து பார்த்துவிட்டுத் தைப்பது மேல்நாட்டு அரங்கில் நெடுநாள் வழக்கம். 1823இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'ஜான் மன்னன்' நாடகத்துக்கு பிளாஞ்சே என்பவர் கல்லறைச் சிற்பங்களையும் முத்திரைகளையும் ஏட்டு ஓவியங்களையும் பார்த்து உடை வரைந்தார். எதைப் பார்த்து வரைந்தது என்று விளம்பரத் தாளிலேயே அச்சிட்டார்கள். வெர்டியின் 'ஐதா' ஓபரா 1871 டிசம்பர் 24 அன்று கெய்ரோவில் அரங்கேறியது. அதற்கு உடைகளை வரைந்தவர் தொல்லியல் அறிஞர் மரியெட். எகிப்தின் பழஞ்சின்னங்களில் கண்டதை வண்ணப் படங்களாக்கிப் பாரிஸில் தைக்கக் கொடுத்தார். பாரிஸ் முற்றுகையில் உடைகளும் காட்சித் திரைகளும் சிக்கிக்கொண்டதால் அரங்கேற்றமே தள்ளிப்போனது. கடையில் கிடைப்பதை மாட்டிக்கொண்டு முன்னதாகவே நடத்திவிடலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

நமக்குப் பார்க்க வேண்டிய சுவர்கள் டவுன் பஸ் தூரத்திலேயே இருக்கின்றன. ராஜராஜன் காலத்துக்கு முதல் சான்று பெரிய கோயில் உள்சுற்றில் 1931இல் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள். அங்கே பொதுமக்களை விடுவதில்லை என்பதால் நல்ல நிழற்படங்களை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அதற்கு முந்திய தலைமுறைக்குப் புள்ளமங்கையும் குடந்தை நாகேசுவரன் கோயிலும். கோனேரிராஜபுரத்தில் சோழ மன்னர் கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடும் சிற்பம் கல்வெட்டோடு இருக்கிறது. குயவர், வண்ணார், செம்படவர், வேடர் என்று சாதாரண மக்களின் உடை வேண்டுமானால் தாராசுரத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள நாயன்மார் கதைச் சிற்பங்கள் இரண்டாம் ராஜராஜன் காலத்தவை, 12ஆம் நூற்றாண்டு. பல சிற்பங்களுக்கு மேலே பெயரும் பொறித்திருக்கிறது. சிற்பங்கள் சிறியவை. உச்சி வெயிலில் மடிப்பு எதுவும் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்ந்து விழும்போது வரைய வேண்டும். தாள் வைத்துத் தேய்த்துப் படியெடுக்கக் கூடாது, கல் பொரிந்துவிடும். நாடகம் மராட்டியர் காலத்தது என்றால் திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து முசுகுந்தன் ஓவியங்களில் ஆடுபவர், வாசிப்பவர், சுமப்பவர் எல்லாரும் இருக்கிறார்கள். அந்தக் கோலத்தை எடுத்துச் சோழன் தலையில் வைக்காமல் இருந்தால் சரி.

செப்புத் திருமேனிகளைக் கோயிலில் பார்த்து வரைய முடியாது. உற்சவர் மேல் பட்டும் மாலையும் சாத்தியிருப்பதால், வார்த்தபோது வடித்த ஆடை உள்ளே மறைந்திருக்கும். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் சாத்துபடி இல்லாமல் நிற்கின்றன. அங்கே முன்பக்கத்தோடு நிறுத்திவிடாமல் பின்னாலும் போய் வரைய வேண்டும். ஆடையின் முடிச்சும் கூந்தலின் முடிப்பும் இருப்பது பின்னால்தான். இடுப்பின் இருபுறமும் தொங்கும் முடிச்சு, தொடையை வளைத்து வரும் துணி, நடுவில் சிங்கமுகம் வைத்த பட்டிகை என்ற இடுப்புக் கச்சை, தொப்புளுக்கு மேலே வயிற்றைச் சுற்றி ஓடும் உதரபந்தம், தோள்வளை, கேயூரம் ஆகியவற்றைத் தனித்தனியாக வரைந்து எது எதற்கு மேல் வருகிறது என்று எண்ணிட வேண்டும். அந்த வரிசை தெரியாவிட்டால் மேடைக்குப் பின்னால் உடை கட்டுபவர் திணறுவார்.

எல்லாவற்றையும் அப்படியே எடுக்கவும் கூடாது. தலைக்குப் பின்னால் வட்டமாக இருக்கும் சிரச்சக்கரம் திருமேனிக்கு உரியது. மனிதர் அணியும் நகை இல்லை. அதை அட்டையில் வெட்டி ராஜராஜனுக்கு மாட்டியதைப் பல மேடைகளில் பார்க்க முடிகிறது. திருமாலுக்குரிய உயர்ந்த கிரீட மகுடத்தையும் அம்மனுக்குரிய கரண்ட மகுடத்தையும் யோசிக்காமல் அரசனுக்கும் அரசிக்கும் சூட்டுவதும் இதே வகைப் பிழை.

அடுத்தது உடலின் அளவு. உத்தம தச தாளம் என்ற சிற்ப அளவுமுறையில் வடித்த திருமேனியின் உயரம் 124 அங்குலம் (இந்த அங்குலம் இன்ச் இல்லை, சிற்பத்தின் உயரத்தைப் பிரித்த பங்கு).   நம் மாணவரின் உடல் அந்தக் கணக்கில் அமையாது. இடுப்பும் அவ்வளவு ஒடுங்கியிருக்காது. சிற்பத்தின் விகிதத்திலேயே படம் வரைந்தால் தாளில் அழகாக இருக்கும். தைத்து வந்ததும் உதரபந்தமும் பட்டிகையும் ஒன்றோடொன்று முட்டும், வயிறே தெரியாது. ஆகவே நடிகரின் உயரம், தோள் அகலம், தொப்புளிலிருந்து கணுக்கால்வரை, கொண்டை கட்டிய தலைச் சுற்றளவு எல்லாவற்றையும் எடுத்து, அவர் உடலைத்தான் முதலில் பென்சிலில் போட வேண்டும். அணிகளின் அகலத்தைக் குறைத்து, இரண்டுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளியாவது விட வேண்டும்.

ஏ3 தாளில் அடிக்கு 2 அங்குலம் என்ற அளவு வசதியானது. ஐந்தரை அடி நடிகர் 11 அங்குல உயரம் வருவார். முன்புறமும் பின்புறமும் ஒரே தாளில் அடங்கும். தாளில் அரை அங்குலக் கரை என்றால் துணியில் 3 அங்குலம் என்று டைலர் ஸ்கேல் வைத்தே எடுத்துக்கொள்வார். கோட்டைத் தண்ணீரில் கரையாத மையில் போட்டுவிட்டு வண்ணம் தீட்டலாம். ஓரத்தில் இரண்டு அங்குலத் துணித் துண்டுகளை ஊக்கால் குத்தி வையுங்கள். பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு: தைக்காத துணியை விரித்த நிலையில் ஒரு செவ்வகமாக வரைந்து, எந்த முனை எங்கே செருகப்படுகிறது என்று அம்புக்குறி போடுவது. கட்டி முடித்த படத்தை மட்டும் பார்த்து யாராலும் திரும்பக் கட்ட முடியாது. பாத்திரங்கள் ஒரு பக்கம், காட்சிகள் மறுபக்கம் என ஒரு கட்டப் பட்டியலும் வேண்டும். போர்க்களத்துக்கும் முடிசூட்டுக்கும் நடுவில் மூன்று நிமிடமே இருக்கிறது என்று அதில்தான் தெரியவரும். அப்போது கீழாடையை மாற்றாமல் இடைக்கட்டையும் மேலணியையும் மட்டும் மாற்றும்படி வரைந்துவிடலாம்.

துணி விஷயத்தில் வெல்வெட்டை அடுத்த பகை பாலியஸ்டர் பட்டு. அது உடலோடு ஒட்டாமல் விறைத்து நிற்கும். சிற்பத்தில் காண்பது ஒட்டி விழும் மெல்லிய பருத்தி. அதற்கு 80ஆம் நம்பர், 100ஆம் நம்பர் நூல் வேட்டி சரிப்படும். முழங்காலுக்கு மேல் நிற்கும் வீரர் உடைக்கு நாலு முழம் போதும். கச்சமாக முழுக்கக் கட்ட எட்டு முழத்தில் இழுபறிதான். ஒன்பதைந்து (ஒன்பது முழ வேட்டி, ஐந்து முழ அங்கவஸ்திரம்) வாங்கினால் வேட்டி கீழுக்கும் அங்கவஸ்திரம் இடைக்கட்டுக்கும் ஆகும். புது வேட்டியை இரண்டு முறை அலசிக் கஞ்சியைப் போக்காமல் கட்டினால் மடிப்பு பலகையாக நிற்கும். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் தைத்தபின் சுருங்கும். சாயத் துணியை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் முதல் காட்சி முடிவதற்குள் சிவப்பு இடைக்கட்டு வெள்ளை வேட்டியில் இறங்கிவிடும்.

நிறத்துக்குக் காவி, மஞ்சள், அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு, கோரா வெள்ளை ஆகியவற்றோடு நின்றுகொள்வது நல்லது. ரோஸும் கிளிப்பச்சையும் செயற்கைச் சாயத்தின் நிறங்கள். அந்தச் சாயம் 1856க்குப் பிறகுதான் உலகத்துக்கே வந்தது. ஓவியத்தில் கால் அங்குலத்தில் இருக்கும் பூவேலையை அதே அளவில் அச்சடித்தால் 40 அடிக்கு அப்பால் வெறும் நிறமாகக் கலந்துவிடும். எட்டு மடங்காவது பெரிதாக்குங்கள். சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி வரைபவர்கள் இருக்கிறார்கள். வரைபடம் கையில் இருந்தால் அவர்களிடம் பேசலாம்.

மேலுடம்பு பற்றி எப்போதும் கேள்வி வரும். மாணவியருக்குத் தோல்நிறப் பருத்திச் சட்டை தைத்து, அதன் கை முடியும் இடம் தோள்வளைக்கு அடியில் மறையும்படி வரைந்து, மேலே கச்சு கட்டினால் காலத்துக்கும் பொருந்தும், பெற்றோருக்கும் மனக்குறை இராது.

நகைக்கு நம் ஊரிலேயே கருவூலம் இருக்கிறது. பெரிய கோயில் கல்வெட்டுகள் திருமேனிகளுக்குக் கொடுத்த திருப்பட்டிகை, சூடகம் (வளை), ஏகாவல்லி (ஒற்றைச் சர மாலை) போன்றவற்றை முத்தின் எண்ணிக்கையோடும் கழஞ்சு, மஞ்சாடி எடையோடும் சொல்கின்றன. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று முத்தையே வகை பிரிக்கின்றன. அவை இறைவனுக்கு அளித்தவை என்றாலும் ஒரு நகைக்குள் என்னென்ன சேர்ந்திருந்தது என்பதை வரைபவருக்குக் காட்டும். செய்வதற்குத் தஞ்சை நெட்டி (நீர்ச்செடியின் தண்டு) கனமே இல்லாத பொருள். ஆனால் வளைத்தால் ஒடியும். பின்புறம் காடாத் துணி ஒட்டிச் சிறு துண்டுகளாகக் கோக்க வேண்டும். வெறும் பொன் ஸ்பிரே அடித்தால் விளக்கில் மஞ்சள் தகடாகத் தெரியும். மேலே நீர்த்த பழுப்பு வண்ணம் பூசித் துடைத்தால் செதுக்கிய பள்ளத்தில் நிழல் நிற்கும். அப்போதுதான் வேலைப்பாடு தெரியும்.

பாடி நடிப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மூச்சை நன்றாக இழுத்த நிலையில் மார்பு, வயிற்றுச் சுற்றளவை எடுங்கள். உதரபந்தத்தின் பின்பக்கம் எலாஸ்டிக் வையுங்கள். இறுகக் கட்டினால் மேல் ஸ்தாயி நிற்காது. மகுடமும் குழையும் காதை மூடினால் சுருதி கேட்காது. காலர் மைக் குத்தக் கோட்டு இல்லாத உடை இது. மைக்கைக் கொண்டையின் முன்விளிம்பில் மறைத்து, ஒயரை முதுகு வழியாக இறக்கி, பெட்டிக்கு இடைக்கட்டின் பின்னால் ஒரு பை வைப்பதை வரைபடத்திலேயே காட்ட வேண்டும். கடைசி நேரத்தில் ஒட்டினால் ஆரம் உரசுகிற சத்தம்தான் பாட்டை விடப் பெரிதாகக் கேட்கும்.

இதற்கெல்லாம் ஆறு வாரமாவது வேண்டும். உடை வந்தபின் இரண்டு ஒத்திகை அதைக் கட்டிக்கொண்டே நடக்க வேண்டும். வாளை உருவும்போது எந்த முடிச்சு அவிழ்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பள்ளிகளுக்கிடையே நாடகப் போட்டி நடத்துவோர் உடை வரைபடத்துக்குத் தனி மதிப்பெண் வைக்கட்டும். எந்தக் கோயிலின் எந்தச் சிற்பத்தைப் பார்த்து வரைந்தது என்று அழைப்பிதழில் ஒரு வரி அச்சிடட்டும். வாரத்தில் ஒரு நாளாவது கலைக்கூடத்தில் மாணவர்கள் சிறு முக்காலி போட்டு அமர்ந்து பென்சிலால் வரைய மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தால், வரும் சதயத்துக்கே பலன் தெரியும்.

இப்படிக்கு,
நாடக உடை வரைவோர் சிலர்,
கும்பகோணம்.