என் தட்டை மறுபடி நிறைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேரில் தனித்தனியாக நன்றி சொல்லியாகிவிட்டது. ஆனாலும் நாலு பேர் படிக்கிற மாதிரி ஒருமுறை எழுதிவைக்காமல் மனசு ஆறவில்லை. ஆறு வருடம் வயிற்றோடு மல்லுக்கட்டியவள் நான். காலையில் சரியாக இருக்கும் உடுப்பு சாயங்காலம் இடுப்பைப் பிடிக்கும், அப்படி ஓர் உப்புசம். இரண்டு நாள் மலச்சிக்கல், மூன்றாம் நாள் நாலைந்து முறை போக்கு. வெளியே எங்கே போனாலும் டாய்லெட் எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொண்டுதான் உட்காருவேன். அந்தப் பழக்கம் எப்போது விட்டுப்போனது என்றுகூட இப்போது நினைவில்லை.

முதல் நன்றி டாக்டருக்கு. உங்களிடம் வருவதற்கு முன் பார்த்த இடங்களில் "எல்லாம் நார்மல்தான், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நீங்கள் ஏழு படங்கள் போட்ட ஒரு தாளை என் பக்கம் நகர்த்தி, "இதில் உங்களுக்கு எப்படிப் போகிறது?" என்று கேட்டீர்கள். பிரிஸ்டல் அட்டவணை என்று அதற்குப் பெயராம். வாய்விட்டுச் சொல்லக் கூசியதை விரலால் தொட்டுக் காட்டினேன், ஒன்றையும் ஆறையும். ரத்தம் கலந்து போகிறதா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, தூக்கத்தில் எழுப்புகிற வலி உண்டா, ரத்தசோகை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். அவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு சோதனைகள் வேண்டியிருக்கும் என்றீர்கள்.

நான் அதற்குள் கோதுமையை நானாகவே நிறுத்தியிருந்தேன். மறுபடி சில வாரம் சாப்பிட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னீர்கள். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படுவதுதான் சீலியாக் நோய். கோதுமையை விட்டுவிட்டால் அது இருந்தாலும் அந்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாமே! கோதுமையை நிறுத்த நினைக்கும் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து முதலில் பரிசோதனை, அப்புறம் மற்றது.

எனக்கு அந்த நோய் இல்லை. ஐபிஎஸ், அதாவது எரிச்சல் குடல் நோய் என்றீர்கள். "குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. ஆனால் உங்கள் வலி நிஜம். குடலுக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கிற நரம்புகள் கொஞ்சம் அதிகமாகவே உணர்கின்றன" என்று விளக்கினீர்கள். வலி நிஜம் என்று ஒருவர் சொல்லிக் கேட்க எனக்கு ஆறு வருடம் ஆனது, டாக்டர்.

அடுத்து, உணவியல் நிபுணர் அக்கா. இந்த மடலில் பெரிய பங்கு உங்களுக்குத்தான். நான் உங்கள் முன் ஒரு பட்டியலை நீட்டினேன். பால், கோதுமை, பருப்பு, வெங்காயம், எல்லாப் பழங்களும், காரம், காபி என்று நானாகவே விலக்கியவை ஒரு பக்கம் முழுக்க இருந்தன. சாப்பிடுபவை ஒன்பதே ஒன்பது. இன்னும் எதையெல்லாம் விடச் சொல்வீர்களோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அதைப் படித்துவிட்டு, "இதில் எதை மறுபடி சாப்பிட ஆசை?" என்று கேட்டீர்கள். அழுகை வந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபோட்மேப் முறையை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னீர்கள். சிலவகைச் சர்க்கரைகளைச் சிறுகுடல் சரியாக உறிஞ்சுவதில்லை. அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகும், அங்கே பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைக்கும், வாயு சேரும். எல்லோர் வயிற்றிலும் நடப்பதுதான். எங்களைப் போன்றவர்களின் குடல் அந்த விரிவை வலியாக எடுத்துக்கொள்கிறது. அந்தச் சர்க்கரை வகைகள் வெங்காயம், பூண்டு, கோதுமையில் ஃப்ரக்டான், பாலில் லாக்டோஸ், சர்க்கரையில்லாத சூயிங்கம்மில் இனிப்புக்காகப் போடும் சார்பிட்டால். நான் தினமும் மென்றுகொண்டிருந்த சூயிங்கம் பற்றி அதுவரை யாரும் கேட்டதே இல்லை.

இவை உள்ள உணவுகளை விலக்குவது சில வாரம்தான், அதிகபட்சம் ஆறு என்று முதல் நாளே தேதி போட்டுக் கொடுத்தீர்கள். அங்கேயே தங்கிவிட்டால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் பட்டினி போடுகிறோம் என்றீர்கள். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். பாலுக்கு முதல் நாள் கால் டம்ளர், மறுநாள் அரை, மூன்றாம் நாள் முழு டம்ளர், பிறகு மூன்று நாள் இடைவெளி. என் நோட்டில் அரை டம்ளர் பக்கத்தில் "ஒன்றுமில்லை" என்றும், முழு டம்ளர் பக்கத்தில் "இரண்டு மணி நேரத்தில் கடமுடா" என்றும் எழுதியிருக்கிறது. தயிர் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யவில்லை, லாக்டோஸில் ஒரு பகுதியை அதிலிருக்கும் பாக்டீரியாவே தின்றுவிடுகிறதாம். கெட்டியான வாழைப்பழம் சரி, புள்ளி விழுந்து கனிந்தது ஒத்துவரவில்லை. ஆப்பிள் இன்றுவரை ஆகவில்லை. நார்ச்சத்து நல்லது என்று நான் தவிடாக அள்ளிப் போட்டதுதான் உப்புசத்தை ஏற்றிவிட்டது என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான். ஓட்ஸும் இசப்கோலும் கொஞ்சம் கொஞ்சமாக, போதிய தண்ணீரோடு சேர்த்ததும் மலச்சிக்கல் இளகியது. இது என் கணக்கு. இன்னொருவர் வயிற்றுக்கு வேறு கணக்கு வரும் என்று அக்கா திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

அலுவலகத் தோழிகளே, மீட்டிங் எப்படிப் போனாலும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு என்னை எழுப்பி அனுப்பினீர்கள். வேளை தவறாமல் சாப்பிட்டது எவ்வளவு உதவியது என்று உங்களுக்குத் தெரியாது. என் கணவருக்கும் நன்றி. இரவு எத்தனை மணிக்கு எழுந்தாலும் வெந்நீர்ப் பையோடு நின்றார். அதைப் பற்றி மறுநாள் பேசவே மாட்டார்.

கடைசியாக என் அத்தை. மருமகள் சாப்பாட்டைத் தள்ளிவைத்தால் மாமியார்கள் சங்கடப்படுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். நீங்களோ "ஏன்மா சாப்பிடவில்லை" என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது என்று அக்கா சொன்னதை நான் வீட்டில் வந்து சொன்ன அன்றே அடுப்பைச் சின்னதாக வைத்து, எண்ணெயில் பூண்டுப் பற்களைப் போட்டு, பொன்னிறமானதும் கரண்டி நுனியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தீர்கள். நாலு பல் போட்டீர்கள், நாலும் வந்துவிட்டதா என்று இரண்டு முறை எண்ணினீர்கள். அப்புறம்தான் காய் போட்டீர்கள். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கி, வெள்ளைப் பகுதியை உங்கள் தட்டுக்கு ஒதுக்கினீர்கள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் சாப்பாட்டில் வாசனை வந்தது அன்றுதான்.

அத்தை, பூண்டுப் பரிசோதனை போன வாரம் முடிந்தது. ஒரு பல் வரைக்கும் எனக்குப் பிரச்சினை இல்லை. நாளைக்கு மூன்றை மட்டும் எடுத்தால் போதும், ஒன்றை எண்ணெயிலேயே விட்டுவிடுங்கள்.