செயலாளரின் ஆண்டறிக்கை: பெயர் தெரியாத பழைய விமானங்கள்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பழைய படங்களில் இருக்கும் விமானங்களுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் நம் சங்கத்தில் கடந்த ஆண்டில் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் நான் கை வைக்கவில்லை.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் இரண்டாம் உலகப் போர் விமானங்களில் கரைகண்டவர்கள். ஆனால் நம்மிடம் வருகிற படங்களில் பெரும்பாலானவை 1939க்கு முந்தியவை. அங்கே அவர்களும் நம்மைப் போலவே தலையைச் சொறிகிறார்கள். ஆக, எல்லோரும் சமம்.

இந்த ஆண்டு செயற்குழு கொண்டுவந்த முக்கியமான மாற்றம் ஒன்றுதான். அது கொஞ்சம் சலசலப்பையும் கிளப்பியது. இனிமேல் ஒரு படத்துக்குப் பெயர் சொல்பவர், படத்தில் கண்ணுக்குத் தெரிகிற மூன்று அடையாளங்களை ஆதாரமாக எழுதித் தர வேண்டும். அதே சாயலுள்ள இன்னொரு விமானமாக அது ஏன் இருக்க முடியாது என்றும் ஒரு வரி எழுத வேண்டும். “இத்தனை வருஷமாகப் பார்க்கிறவன், எனக்கே விளக்கம் கேட்கிறீர்களா?” என்று மூத்தவர்கள் சிலருக்கு மனத்தாங்கல். பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்கிற கண் அவர்களுக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. பெரும்பாலும் சரியாகவும் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கண்ணைக் கோப்பில் சேர்த்து வைக்க முடியாதே! பின்னால் வருகிறவர் கையில் வெறும் பெயர் மட்டும் கிடைத்தால், அதை நம்புவதா வேண்டாமா என்று எதை வைத்து அவர் முடிவெடுப்பார்?

ஆண்டின் பெரிய வழக்கு இந்த விதியின் கீழ்தான் தீர்ந்தது. பழைய ஆல்பம் ஒன்றிலிருந்து வந்த படம் அது. வெட்டவெளியில் நிற்கும் இரட்டை இறக்கை விமானம். பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருவர். முதல் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் தன் பயிற்சி விமானங்களை மலிவாகத் தள்ளிவிட்டது. வாங்கியவர்கள் ஊர் ஊராகப் பறந்துபோய் வித்தை காட்டிப் பிழைத்தார்கள். அந்தக் காலத்துப் படம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பின்பக்கம் பென்சிலில் ‘ஜென்னி’ என்று வேறு எழுதியிருந்தது. ஜென்னி என்பது கர்ட்டிஸ் ஜேஎன்-4 பயிற்சி விமானத்தின் செல்லப்பெயர். அதனால் அதுதான் என்று கூட்டமே ஒரே குரலில் சொல்லிவிட்டது.

ஓர் உறுப்பினர் மட்டும் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு ஒத்துக்கொள்ள மறுத்தார். மேல் இறக்கைக்கு மேலே கம்பிகளைத் தாங்கி நிற்கும் கால்கள் ஒற்றைக் குச்சியாக இல்லை, முக்கோணமாக இருக்கின்றன. சக்கரங்களின் முன்கால்கள் கீழ் இறக்கையின் முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் இறங்குகின்றன. இறக்கைகள் லேசாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன. மூன்றும் அதே காலத்து இன்னொரு பயிற்சி விமானமான, ஸ்டாண்டர்ட் என்ற நிறுவனத்தின் ஜே-1இன் அடையாளங்கள். எதிர்த்தரப்பு விடவில்லை. மூக்கில் தெரிவது கர்ட்டிஸ் ஓஎக்ஸ்-5, வி வடிவ எட்டு சிலிண்டர் இன்ஜின், ஸ்டாண்டர்டில் இருந்தது நான்கு சிலிண்டர் ஹால்-ஸ்காட் அல்லவா என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அந்த ஹால்-ஸ்காட் யாருக்கும் பிடிக்காத இன்ஜின். போருக்குப் பிறகு பலர் அதைக் கழற்றிவிட்டு ஓஎக்ஸ்-5 அல்லது ஹிஸ்பானோ-சூயிசாவைப் பொருத்திக்கொண்டார்கள். இன்ஜினை மாற்றலாம், சக்கரக் கால் இறங்குகிற இடத்தை யாரும் அவ்வளவு எளிதில் மாற்றுவதில்லை. ஸ்டாண்டர்ட் ஜே-1 என்று பதிவாகிவிட்டது. பென்சில் எழுத்தையும் அப்படியே குறிப்பில் சேர்த்திருக்கிறோம். அந்தக் காலத்தில் பார்வையாளர்கள் இந்த ரக விமானம் எதைப் பார்த்தாலும் ஜென்னி என்றே சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

பிரிட்டனின் டி ஹாவிலாந்து நிறுவனம் செய்த மோத் என்ற சிறு விமானங்களின் படங்கள் வழக்கம்போல் குவிந்தன. மூக்கில் இன்ஜின் தலைகீழாக, அதாவது சிலிண்டர்கள் கீழ்நோக்கி, இருந்தால் உடனே டைகர் மோத் என்று எழுதிவிடும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். டி.எச்.60 வரிசையின் கடைசியில் வந்த மோத் மேஜரிலும் தலைகீழ் இன்ஜின்தான். இறக்கையைப் பாருங்கள். முன்னிருக்கையில் இருப்பவர் பாராசூட்டோடு வெளியே குதிக்க வசதியாக டைகர் மோத்தின் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். அதனால் கெட்ட சமநிலையை ஈடுகட்ட இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். மோத் மேஜரில் அந்தச் சாய்வு கிடையாது.

அடுத்தது வண்ணம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மென்பொருளில் வண்ணம் ஏற்றி, அதையே நமக்கு அனுப்புவது இந்த ஆண்டு அதிகமாகிவிட்டது. பார்க்க அழகுதான், ஆனால் சான்று போய்விடுகிறது. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சளும் கறுத்துப்போகும், நீலமோ வெளுத்து வெள்ளைக்குப் பக்கத்தில் போய்விடும். முதல் உலகப் போர் காலத்து விமானங்களில் நாட்டைக் காட்டப் பூசிய வட்டச் சின்னங்களில் இது பெரிய உதவி. பிரிட்டிஷ் சின்னத்தில் நடுப்புள்ளி சிவப்பு, வெளிவளையம் நீலம். பிரெஞ்சுச் சின்னம் அதற்கு நேர்மாறு. ஆகவே ஆர்த்தோ படத்தில் நடுப்புள்ளி கறுத்து வெளிவளையம் வெளுத்திருந்தால் பிரிட்டிஷ். நடுவில் வெளுத்து வெளியே கறுத்திருந்தால் பிரெஞ்சு. மென்பொருள் இதையெல்லாம் யோசிப்பதில்லை. கறுத்த இடமா, கருநீலம் பூசு, அவ்வளவுதான். இப்படி மஞ்சள் பூசிய பயிற்சி விமானம் ஒன்று கரும்பச்சையாக மாறி, போர்முனை விமானம் என்ற பெயரோடு நம்மிடம் வந்து சேர்ந்தது. வண்ணம் ஏற்றிய படங்களை இனி ஏற்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. மூலப்படம் வேண்டும்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எழுத்து தெரியாத படங்களில் இது பெரிய தொல்லை. விமானத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரின் கோட்டைப் பாருங்கள். ஆண்கள் கோட்டில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் மூடும். மார்புப் பையும் இடப்பக்கம் இருக்கும். எதிராக இருந்தால் நெகட்டிவைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

விமானத்தின் மேல் எழுதியிருக்கும் நாட்டுப் பதிவெழுத்துகள் அரைகுறையாகத் தெரிந்தாலும் காலத்தைக் குறுக்கிவிடலாம். இந்திய விமானங்கள் 1929க்கு முன்பு ஜி-ஐ என்று தொடங்கின, பிறகு வி.டி. ஆயின. நெதர்லாந்தில் அதே சமயம் எச்-என் போய் பி.எச். வந்தது. ஜெர்மன் விமானத்தில் டி-க்குப் பின்னால் எண்கள் இருந்தால் 1934க்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம், அதன்பின் எழுத்துகள். இந்தப் பட்டியலை நூலகப் பொறுப்பாளர் விரிவாகத் தயாரித்து வருகிறார். எப்போது முடியும் என்று அவரைக் கேட்காதீர்கள், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அப்புறம், ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ (Flying Flea) என்ற குட்டி விமானம். ஆன்ரி மிஞே 1933இல் உருவாக்கிய எச்.எம்.14ஐ அடையாளம் காணப் பயிற்சியே வேண்டாம்: முன்னும் பின்னுமாக இரண்டு இறக்கைகள், பெரிய சுக்கான், பக்கவாட்டில் சாய்க்க இறக்கை ஓரத்தில் இருக்கும் எய்லரான் மடல்கள் கிடையாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வரைபடத்தை வைத்து ஆளாளுக்குக் கொட்டகையில் செய்துகொண்டார்கள். கைக்கு வந்த இன்ஜின், மனசுக்குப் பட்ட மாற்றம். ரகத்தைச் சொல்லிவிடலாம், இது யார் செய்த தெள்ளுப்பூச்சி என்று சொல்வது பெரும்பாடு. அத்தகைய படங்களை ‘ரகம் தெரியும், செய்தவர் தெரியாது’ என்ற தனிக் கோப்பில் வைத்திருக்கிறோம்.

‘தெரியாது’ கோப்பும் இந்த ஆண்டு நன்றாகவே பருத்திருக்கிறது. இதைக் குறையாக நான் எழுதவில்லை. சென்ற ஆண்டுகளில் அரைமனதோடு பெயர் கொடுத்த படங்கள் சில, ஆதாரம் கேட்டதும் தாமாகவே அங்கே திரும்பிவிட்டன. வந்த படங்களைவிடத் திரும்பிய படங்களைப் பற்றித்தான் கூட்டங்களில் அதிகம் பேசினோம். பேச்சும் அவற்றில்தான் சுவையாக இருந்தது.

ஸ்கேன் செய்து அனுப்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓரங்களை வெட்டாதீர்கள், பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஸ்டுடியோ முத்திரை, பசை ஒட்டிய தடம், ஆல்பத்தின் பக்க எண் எல்லாமே வேலைக்கு ஆகும். விமானத்தை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பிய படங்களில் பின்னணிக் கொட்டகை போய்விட்டது. காருடைய பாதி முகப்பும் போய்விட்டது. சில சமயம் அந்தக் கார்தான் ஆண்டைச் சொல்லும்.

துணைச் செயலாளர் பொறுப்பு காலியாக உள்ளது. கடிதப் போக்குவரத்தில் பொறுமை உள்ளவர்கள் முன்வரலாம். ஆல்பங்களை நம்பி ஒப்படைத்த குடும்பத்தாருக்கும், சோர்வில்லாமல் படங்களை வரிசைப்படுத்தித் தந்த உறுப்பினர்களுக்கும் நன்றி. மூன்று அடையாள விதியைத் தொடர்வதா என்பது இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக இருக்கிறது. விவாதம் அங்கே நடக்கட்டும். அதற்கு முன் இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்