பிள்ளைகளை ஒரு மழை நாளில் குட்டிச்சிராவுக்குக் கூட்டிப் போங்கள்

தமிழ்நாட்டுக் கட்டடக்கலைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் படித்தபோது பள்ளிவாசல் பாடம் டெல்லியில் தொடங்கி ஆக்ராவில் முடிந்துவிடும். குவிமாடம், மினார், வளைவு, அவ்வளவுதான். தேர்வில் அதையே வரைந்து மதிப்பெண்ணும் வாங்கினேன். படிப்பு முடிந்து பல வருஷம் கழித்துத்தான் கோழிக்கோட்டில், குட்டிச்சிரா குளத்துப் பக்கம் மிஷ்கால் பள்ளிவாசலைப் பார்த்தேன். குவிமாடமும் இல்லை, மினாரும் இல்லை. ஓட்டுக்கூரை அடுக்கடுக்காக மேலேறுகிறது, கீழே 24 செதுக்கிய தூண்கள், மொத்தம் 47 கதவுகள், மேலே போகப் போக எல்லாம் மரம். இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

14ஆம் நூற்றாண்டில் கட்டியவர் மிஷ்கால் என்ற அரபுக் கப்பல் முதலாளி. சீனாவுக்கும் ஏமனுக்கும் கப்பல் விட்ட பெரும் செல்வந்தர் என்று அந்தக் காலத்துப் பயணி இப்னு பதூதாவே எழுதியிருக்கிறார். பணம் கடல் வாணிகத்தில் வந்தது, ஆனால் கட்டடத்தில் தெரிவது மலபார் ஆசாரிமாரின் கை. கொட்டுகிற மழையை வழித்துவிடும் சரிவுக் கூரை, சுவரைத் தாண்டி நீளும் இறவாரம், மரச்சட்ட இடுக்குகளில் நுழையும் காற்று என்று அந்த ஊர்க் கோயில்களிலும் தறவாடு என்கிற பழைய கூட்டுக்குடும்ப வீடுகளிலும் பார்க்கிற அதே வேலை.

1510 ஜனவரியில் அல்புகெர்க்கின் போர்த்துகீசியப் படை ஊருக்குள் புகுந்து இந்தப் பள்ளிவாசலுக்குத் தீ வைத்தது. 1571இல் கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் படை அவர்களுடைய சாலியம் கோட்டையைப் பிடித்து இடித்தது. அந்தக் கோட்டை மரம் இந்தப் பள்ளிவாசலைப் பழுதுபார்க்க வந்தது என்று ஊரில் சொல்வார்கள். 1578–79இல் பள்ளிவாசல் மறுபடி எழுந்தது. முன்பு ஐந்து தளம், இப்போது நான்கு.

அப்புறம், பக்கத்திலேயே முச்சுந்திப் பள்ளிவாசல். சாமூதிரி கொடுத்த மானியத்தைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது, அரபியிலும், பழைய எழுத்துமுறையான வட்டெழுத்திலும். பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் இருக்கிற அதே வட்டெழுத்துதான்! பள்ளிவாசலும் இந்த மண்ணோடு சேர்ந்ததுதான் என்பதற்கு, இதைப் பார்க்கிற பிள்ளைக்கு வேறு விளக்கம் வேண்டுமா?

கோவையிலிருந்து ரயிலில் நான்கைந்து மணி நேரம். ஜூன் மழையில் போங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், உள்ளே போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. குளத்தங்கரையில் குடையோடு நிற்கவைத்து, தண்ணீர் எந்தக் கூரையிலிருந்து எந்தக் கூரைக்கு விழுகிறது என்று பார்த்து வரையச் சொல்லுங்கள்.