தேரைக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு ஏற்ற செல்லப்பிராணி என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் தேரை வளர்ப்பைப் பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. நாய், பூனையை விட்டுத் தேரையைப் பற்றித் தமிழில் ஒருவர் எழுதுகிறாரே என்று சந்தோஷமாகத்தான் வாசித்துக்கொண்டு போனேன், குழாய்த் தண்ணீரை ஓரிரவு திறந்து வைத்தால் போதும் என்ற இடத்தில் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

ரொறன்ரோவில் அது சரிவராது. கிருமி கொல்லப் போடுவது வெறும் குளோரின் என்றால் திறந்து வைக்கக் காற்றோடு போய்விடும். இங்கே குளோரினோடு அமோனியாவும் சேர்த்துக் குளோரமைனாக்கித்தான் தண்ணீரை அனுப்புகிறார்கள், குழாயில் எவ்வளவு தூரம் போனாலும் அது கலையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்வது, பிறகு ஒரு ராத்திரி வாளிக்குள் இருந்தால் கலைந்துவிடுமா? நாங்கள் குடிக்கலாம், ஒன்றும் செய்யாது. தேரை வாயால் குடிப்பதில்லை. தண்ணீர்ச் சட்டிக்குள் இறங்கிப் பின்னங்கால்களை அகட்டி, வயிற்றைத் தரையோடு அப்பிக்கொண்டு அசையாமல் கிடக்கும், அந்த வயிற்றடித் தோலால்தான் அது தண்ணீரை உறிஞ்சுகிறது, தண்ணீரில் கிடக்கும் மற்றதும் அந்த வழியாகவே உள்ளே போகும். மீன் தொட்டிக்காரர் பாவிக்கும் மருந்தே போதும், ஆனால் குளோரமைனையும் நீக்கும் என்று போத்தலில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது, வேலையே இல்லாத பிராணி என்ற கதை. தேரையால் வேலை இல்லைதான், அதன் சாப்பாட்டால்தான் வேலை. அசையாத எதையும் அது சாப்பாடாகவே எண்ணாது, ஆகவே கடையில் பெட்டியில் விற்கிற கிரிக்கெட் பூச்சியை உயிரோடு வாங்கி, அந்தப் பூச்சிக்குக் கரட்டும் கீரையும் போட்டு வளர்த்து, கல்சியம் தூளில் புரட்டித்தான் தேரைக்குப் போட வேண்டும். தூள் இல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் எலும்பு மெலிந்து கால் கோணிப்போகும். தின்னாமல் மிஞ்சிய பூச்சியை ராத்திரி தொட்டிக்குள் விட்டுவைத்தால் அது தேரையையே கடிக்கும். பெட்டியிலிருந்து நாலு பூச்சி தப்பி பேஸ்மென்ட் சுவருக்குள் புகுந்துவிட்டதோ, விடிய விடியக் கிரீச் கிரீச் என்று கச்சேரிதான். இத்தனைக்கும் தேரை பூச்சியை விழுங்கும்போது கண்ணிரண்டும் மண்டைக்குள் அமிழ்ந்து இரையைத் தொண்டைக்குள் தள்ளுவதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிள்ளைகள் தொட்டியை விட்டு எழும்பமாட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொட்டால் பரு வரும் என்பதெல்லாம் சும்மா. ஆனால் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருப்பது நஞ்சுச் சுரப்பி, தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது, வீட்டில் நாய் இருந்தால் தொட்டிக்கு நல்ல மூடி வேண்டும்.

கட்டுரையின் கடைசி வரிதான் எனக்குக் கோபம். அலுத்துப்போனால் பக்கத்துக் குளத்தில் விட்டுவிடலாமாம்! வேறு நாட்டிலிருந்து வந்து கடையில் பத்துப் பிராணிகளோடு கிடந்த தேரை என்ன நோயைக் காவிக்கொண்டு போகும் என்று யாருக்குத் தெரியும்? பூஞ்சை நோய் ஒன்றுக்குப் பயந்து கனடா 2017இல், தேரையைப் போலவே நீரிலும் நிலத்திலும் வாழும் சலமாண்டரின் இறக்குமதியையே நிறுத்தியது. அதேபோல, வசந்தத்தில் றூஜ் பூங்காப் பக்கம் தேரைகள் நீளமாகக் கத்துவதைக் கேட்டுவிட்டு ஒன்றைப் பிடித்துத் தாருங்கள் என்று பிள்ளை அழுதாலும் பிடிக்கக் கூடாது, அது தேசியப் பூங்கா, சட்டப்படி குற்றம். வாங்குவதற்கு முன் யோசியுங்கள், ஒழுங்காக வளர்த்தால் பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும், பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகு பூச்சி வாங்கக் கடைக்கு ஓடப்போவது அம்மாதான்.

தண்ணீர் விஷயத்தையும் குளத்தில் விடும் விஷயத்தையுமாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு தொட்டி வாங்கக் கிளம்பியவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், ஸ்காபுரோ