சீல் ஒட்டுவதை அவர் பார்க்கட்டும்

அன்புள்ள கலைக்கு,

குறுவை அறுத்தாயிற்று. நெல்லை ரோட்டில் கொட்டி, மழை வந்தால் தார்ப்பாய் போட்டு, வெயில் எட்டிப் பார்த்தால் ஓடிப்போய்த் திறந்து, இப்படியே பொழுது போகிறது.

நீ வேண்டாம் என்றாய், ஆனாலும் உன் வேலை பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அமெரிக்கா போயும் மூத்திரம் பிடிக்கிற வேலையா" என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். லாரி ஓட்டுகிறவன் போதையில் ஓட்டாமல் இருக்கச் சோதனைக்கு மூத்திரம் வாங்குகிற வேலை என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தாள். கக்கூஸ் தண்ணீரை மொண்டு ஊற்றி ஏமாற்றாமல் இருக்க அதில் நீல மருந்து கலப்பீர்களாமே, அதற்குச் சிரித்தேவிட்டாள்.

சரி, உன் ஒத்திகை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆளை வைத்துச் சிறுநீர் வாங்கிக் காட்டுகிற ஐந்து ஒத்திகையும் அடுத்தடுத்துப் பிசகில்லாமல் வரணும், நான்காவதில் கோட்டை விட்டேன் என்று அழுதாய். 45 மில்லி இருக்கிறதா, நாலு நிமிஷத்துக்குள் சூடு பார்த்தாயா, 32-லிருந்து 38 டிகிரிக்குள் இருக்கிறதா, எல்லாம் சரி. ஒன்றில் 30, இன்னொன்றில் 15 என்று இரண்டு பாட்டிலில் ஊற்றிவிட்டு, சீல் ஒட்டுமுன் எதையோ எடுக்கத் திரும்பி, பாட்டிலை, சிறுநீர் கொடுத்தவராக நின்ற ஆள் கண்ணுக்கு மறைத்துவிட்டாய். "அரை நிமிஷம்தான்பா, இதுக்குப் போயா" என்றாய்.

அந்த அரை நிமிஷத்தில் அடிபட்டவன் நான். மூணு வருஷத்துக்கு முன்னால் கொள்முதல் நிலையத்தில் ஏழு நாள் காத்துக் கிடந்தேனே, அப்போது. ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். நான் ஒரு நெல்லை வாயில் போட்டுக் கடித்தேன், டக்கென்று உடைந்தது. நிலையத்துப் பையன் குவியலிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு உள் அறைக்குப் போனான், திரும்பி வந்து இருபது என்றான். பொய் என்று சொல்ல மாட்டேன், அடிநெல் நமுத்துக்கூட இருந்திருக்கும். ஆனால் மெஷினில் போனது என் நெல்தானா என்று இன்றுவரை தெரியாது. அன்று ராத்திரி கொட்டிய மழையில் பாதி முளைத்துவிட்டது.

உன் எதிரே நிற்கிறவருக்கும் வேலை போய்விடுமோ என்கிற பயம் இருக்கும். அவர் பார்க்கப் பார்க்க சீல் ஒட்டு, அதில் அவரே இனிஷியல் போடட்டும். மாட்டேன் என்றால் ஃபாரத்தில் குறித்துவிடு, மல்லுக்கட்டாதே. சிறுநீர் வராமல் தவிக்கிறவரை விரட்டாதே, மூணு மணி நேரம் அவகாசம் இருக்கிறதே, தண்ணீர் கொடுத்து உட்கார வை. மன்னார்குடி லேப்பில் உன் பெரியப்பா குப்பியும் கையுமாக ஒரு காலைப்பொழுது முழுக்க நின்றது ஞாபகம் இருக்கிறதா?

மறுபடி எப்போது ஒத்திகை? முடிந்ததும் எந்நேரமானாலும் போன் பண்ணு. அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள், கையுறை அவர்களே தருகிறார்களா, நீ வாங்கணுமா?

அப்பா